ரேகை வைக்காத வீடு

குற்றப்பரம்பரை என்று முத்திரை குத்திய ரேகைச் சட்டம் ரத்தான வருஷம், ஆடி மாதத்தில் பள்ளிக்கூடத்துக்கு வெள்ளிவிழா வந்தது. கோம்பைக்குக் கிழக்கே இருந்த அந்த ஊரில், வயது வந்த ஆண்பிள்ளை அத்தனை பேரும் பத்து விரலையும் மையில் ஒற்றிக் கொடுத்துவிட்டு, அந்தி சாய்ந்ததும் போலீஸ் ஸ்டேஷனில் போய்ப் படுக்க வேண்டும். கால் நூற்றாண்டு அப்படித்தான் கழிந்தது. விலக்கு ஒரே வீட்டுக்குத்தான். தவசியின் வீட்டை 'ரேகை வைக்காத வீடு' என்றால் சின்னமனூர் வரைக்கும் தெரியும். எந்த விசேஷத்திலும் முதல் வெற்றிலைத் தட்டு அந்த வீட்டுக்கு வந்த பிறகுதான் அடுத்த ஆளுக்குப் போகும்.

அந்தப் பேரை வாங்கி வைத்தவர் தவசியின் தகப்பனார் சுருளியாண்டி. ரேகை எடுக்க வந்த அதிகாரியிடம் அரிவாளை நீட்டி, "விரல வெட்டி எடுத்துக்கிட்டுப் போ, ரேகை தரமாட்டேன்" என்றாராம். வந்தவன் வந்த வழியே திரும்பினானாம். அன்றைக்குத் தவசி ஊரில் இல்லை. ஏலக்காய்ப் பறிப்பைப் பார்த்துவரச் சொல்லி அப்பா அவரை மலைக்கு அனுப்பியிருந்தார். இருந்தாலும், கண்ணால் கண்டவர் மாதிரியே அதை இருபத்தைந்து வருஷமாகச் சொல்லிவந்தார்.

பேரைக் காப்பதற்குத் தவசி விலையும் கொடுத்திருந்தார். தங்கை இருளம்மாளுக்கு முறை மாப்பிள்ளை, அத்தை மகன் செல்லப்பாண்டி. அவன் ரேகை வைத்தவன் ஆகிவிட்டான். "மை பட்ட கையில எந்தங்கச்சியப் பிடிச்சுக் குடுக்க மாட்டேன்" என்று சபையில் மறுத்துவிட்டு, அவளைத் தேவதானப்பட்டியில் கட்டிக்கொடுத்தார். இரண்டே வருஷத்தில் தாலியறுத்துத் திரும்பி வந்தாள். அன்றிலிருந்து அண்ணன் வீட்டில்தான் இருக்கிறாள். ஏன் என்று ஒருநாளும் கேட்டதில்லை.

பள்ளிக்கூடத்துக்கு நிலம் கொடுத்தவரும் சுருளியாண்டிதான். கடைக்கால் போட்ட அன்று சர்க்கார் அதிகாரிகள் ஒரு செப்புப் பெட்டியை ஈயம் ஊற்றி அடைத்து உள்ளே வைத்தார்கள். இருபத்தைந்தாம் வருஷம் திறக்க வேண்டும் என்று அடிக்கல்லிலேயே வெட்டியிருந்தது. நிலம் கொடுத்த மனு அதற்குள் இருப்பது தவசிக்குத் தெரியும். அதைச் சபையில் வாசித்தே ஆகவேண்டும் என்று ஒரு மாதமாகத் தலைமையாசிரியர் வைகுண்டராஜை உலுக்கி எடுத்தவர் அவர்தான்.

ஆசாரி உளியால் ஈயத்தைப் பெயர்த்தார். சிலேட்டுக் குச்சி ஒரு கட்டு, தூளாகிப் போன ஒரு பிடி நெல், பழைய பத்திரிகை, மெழுகுத் துணியில் சுற்றிய மனு. வைகுண்டராஜ் மனுவைப் பிரித்தார். முதல் வரியை உரக்க வாசித்தார். பிறகு உதடு மட்டும் அசைந்தது. பிறகு அதுவும் நின்றது.

"மை மங்கிக் கெடக்குதுங்கய்யா. இன்னொரு நாளைக்கு..."

"போடிநாயக்கனூர்க் கடைவீதியில எறும்பு எழுத்துக் கணக்கெல்லாம் வாசிச்சு வளந்த ஆளு நீங்க. இது தெரியலையாக்கும்?" என்றார் தவசி. அந்த முகத்தில் எதுவோ சரியில்லை என்று அவருக்குப் புரியாமல் இல்லை. ஆனால் அப்பாவின் எழுத்தை மூடி வைப்பதா? "வாசிங்க. ஒரு எழுத்து விடாம வாசிங்க."

வாசித்தார்.

"பள்ளிக்கூடத்துக்கு இரண்டு ஏக்கர் நிலம் தருகிறேன். கலெக்டர் துரையவர்கள் கேட்டபடி, இவ்வூரில் ரேகை எடுக்கவேண்டிய நாற்பத்தொரு பேருடைய பெயர்களையும் என் கையாலேயே எழுதித் தந்திருக்கிறேன். என் வீட்டு ஆண்களை மட்டும் விலக்கித் தரவேண்டியது. ரேகை எடுக்கவேண்டியவர்கள்: ஒன்று, செல்லப்பாண்டி, என் உடன்பிறந்தாள் மகன். இரண்டு..."

இரண்டுக்கு மேல் எவர் காதிலும் விழவில்லை.

தவசி நாற்காலியில் நிமிர்ந்தபடியே இருந்தார். முதுகு வளையவில்லை, வளையப் பழகவும் இல்லை. அரிவாளே நீட்டாத அப்பா, அன்றைக்குத் தன்னை ஏலமலைக்கு ஏன் அனுப்பினார் என்பது அந்த இடத்தில்தான் விளங்கியது. மலையிலிருந்து இறங்கி வந்ததும், "ரேகை வச்சவனுக்குப் பொண்ணு குடுக்காத, வீட்டுப் பேரு கெட்டுரும்" என்று சொன்னவரும் அதே அப்பாதான். சபையில் மறுத்த வாய்தான் தவசியுடையது. சொல் அப்பாவுடையது.

பின்வரிசையில் செல்லப்பாண்டி செருமினார். "நாப்பத்தொரு பேர்ல எம்பேரு எப்படி முதப் பேரா வந்துச்சுன்னு ரொம்ப நாளா யோசனை. சர்க்காருக்கு எம்மேல ஆசையின்னுல்ல நெனச்சேன். மாமனுக்குத்தான் ஆசை போல."

யாரோ சிரிக்கப் பார்த்து அடக்கிக்கொண்டார்கள்.

பெண்கள் பக்கத்திலிருந்து இருளம்மாள் எழுந்து வந்தாள். சபையில் அவள் பேசி எவரும் கேட்டதில்லை.

"அண்ணே, ஒனக்குத் தெரியுமா?"

"தெரியாது ஆத்தா."

"தெரியாதுன்னா சரி. நீ பொய் சொல்ல மாட்ட." மேடையிலிருந்த மனுவைப் பார்த்தாள். "அப்பனும் பொய் சொல்ல மாட்டாகன்னுதான் நானும் இருந்தேன்."

அவள் தன் இடத்துக்குத் திரும்பவில்லை. வாசல் பக்கம் நடந்தாள். வீட்டுக்குப் போகும் பாதை இடக்கைப் பக்கம். அவள் வலக்கைப் பக்கம் திரும்பினாள்.

என்ன செய்வதென்று தெரியாத ஊர் மணியகாரர், தெரிந்த ஒன்றைச் செய்தார். முதல் வெற்றிலைத் தட்டைக் கொண்டுவந்து வழக்கம்போலத் தவசியிடம் நீட்டினார். கூட்டம் முழுக்க அந்தத் தட்டைப் பார்த்தது. தவசி வாங்கிக்கொண்டு எழுந்தார். வரிசைகளைக் கடந்து பின்னால் போய்ச் செல்லப்பாண்டியின் முன்னால் நின்றார்.

"எடுத்துக்கங்க மச்சான்."

வாழ்நாளில் அவர் ஒருவருக்கு நீட்டிய முதல் தட்டு அது.

செல்லப்பாண்டி தட்டைப் பார்த்தார். பிறகு அண்ணாந்து முகத்தைப் பார்த்தார். "வெத்தல மெல்லப் பல்லு வேணுமே மச்சான். எம்பல்லு நாலும் ஸ்டேசன்லயே போயிருச்சு. பக்கத்துல குடுத்துப் பாருங்க."

பக்கத்து ஆள் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து போனார். அவருக்கு அடுத்தவர் கையை மடியை விட்டு எடுக்கவில்லை. நாற்பத்தொரு பேரில் மிச்சமிருந்தவர்கள் எல்லாரும் அந்த வரிசையில்தான் உட்கார்ந்திருந்தார்கள்.

மேடையில் வைகுண்டராஜ் பரிசு வாங்க வேண்டிய பிள்ளைகளின் பெயர்களை வாசிக்க ஆரம்பித்தார். தட்டைத் தரையில் வைக்கத் தவசியால் முடியவில்லை. அந்த வீட்டுக்கு வந்த தட்டு எதுவும் தரையைத் தொட்டதே இல்லை. திரும்பிக் கொண்டுபோய்த் தன் நாற்காலியில் உட்காரவும் முடியவில்லை. விழா முடிகிற வரைக்கும் அவர் தட்டை ஏந்தியபடி அங்கேயே, முதுகு வளையாமல் நின்றார். வாங்கிக்கொள்ள எவரும் வரவில்லை.