பிக்கர்ஸ்கில்லின் கணிப்பும் நனைந்த கிடாவும்

இனி வரும் ஒவ்வொரு சொல்லும் சத்தியம். யார்க்‌ஷயர் மண்மேல் சத்தியம், அடுப்பில் கொதிக்கிற கெட்டில்மேல் சத்தியம். ஒரு சொல் பொய்யென்றாலும் எழுதிய கைக்கு ஆயுசுக்கும் ஆறிப்போன தேநீரே வாய்க்கட்டும்.

ஸ்கார்பெக் ஊர்ப் பள்ளியில் வேதியியல் ஆசிரியர் மிஸ்டர் பிக்கர்ஸ்கில். அவருக்கு வேதியியல் தெரியுமா என்பதில் ஊருக்குள் இரண்டு கருத்து உண்டு. ஆட்டின் எடை தெரியும் என்பதில் ஒரே கருத்துதான். அக்டோபர் முதல் சனிக்கிழமை நடக்கும் ஆட்டுக் கண்காட்சியில் ஒரு செம்மறிக் கிடாவைக் கட்டிப்போட்டிருப்பார்கள். அதன் எடையைப் பார்வையாலேயே கணித்துச் சீட்டில் எழுதிப் போட வேண்டும். பத்தொன்பது வருடமாக அவருக்கே பரிசு. அரைக் கிலோ பிசகியதில்லை. ஒரு வருடம் கிடா அவர் எழுதிய எடைக்கு ஒன்றரைக் கிலோ கூடுதலாக இருந்ததாம். எடைமேடையில் ஏறுவதற்கு முன் அது மரியாதையாகப் புழுக்கை போட்டுக் கணக்கைச் சரிசெய்துகொண்டது.

இப்படிப்பட்ட கண்ணைச் சும்மா விடலாமா? தலைமை ஆசிரியை மிஸஸ் லாட்டிமர், பள்ளிப் பிள்ளைகள் அத்தனை பேருக்கும் கிரேடு கணிக்கும் பொறுப்பை அவரிடமே கொடுத்துவிட்டார். வேதியியலுக்கு மட்டுமல்ல, பிரெஞ்சுக்கும் இசைக்கும்கூட. பரீட்சை வருவது ஜூனில். கால்நடை மருத்துவப் படிப்புக்கு விண்ணப்பம் போவது அதற்கு முந்தைய அக்டோபர் பதினைந்துக்குள். ஆக, இன்னும் எழுதாத பரீட்சைக்கு ஆசிரியர் ஒரு கிரேடு எழுதி அனுப்புவார். பல்கலைக்கழகம் அதைப் பார்த்துப் பிள்ளையைக் கூப்பிடும் அல்லது கூப்பிடாது. மூன்று ஏ இல்லாத விண்ணப்பத்தை அவர்கள் உறையிலிருந்து வெளியே எடுப்பதுகூட இல்லை. பெரிய புத்திசாலிகள் கூடி உட்கார்ந்து வகுத்த முறை இது.

ரோவீனா மெட்காஃபுக்கு உயிரியல் ஏ, கணிதம் ஏ, வேதியியல் பி என்று எழுதினார் பிக்கர்ஸ்கில். ரோவீனாவுக்குப் பதினேழு வயது. எட்டு வயதிலிருந்து அப்பா கில்பர்ட்டோடு பட்டியில் நின்று, குட்டி திரும்பிக்கிடந்த ஆடுகளுக்குக் கைவிட்டுப் பிரசவம் பார்த்தவள். மாட்டு டாக்டர் ஆவதைத் தவிர வேறொன்றும் அவளுக்கு வேண்டியிருக்கவில்லை. இந்த ஒற்றை பி, நான்கு பல்கலைக்கழகங்களின் கதவையும் சாத்திவிடும்.

"சார், போன மாதிரித் தேர்வுல எனக்கு எண்பத்து நாலு. அது ஏ சார்."

"அது நீ வாங்குன மார்க்கு. இது நீ வாங்கப்போற மார்க்கு. ரெண்டுக்கும் என்னம்மா சம்பந்தம்?"

"அப்ப எதை வச்சு பி போட்டீங்க?"

பிக்கர்ஸ்கில் அவளைச் சுற்றி ஒரு நடை நடந்தார். "தோள்பட்டையப் பாத்தேன். நிக்கிற தோரணையப் பாத்தேன். நல்ல பி நீ. கெட்டியான பி. சந்தோஷப்படு."

'பல்லையும் பிடித்துப் பார்த்திருக்கலாமே' என்று ரோவீனா நினைத்துக்கொண்டாள்.

அவளை இன்னும் எரிச்சலூட்டியது பக்கத்துப் பண்ணை பெரிகிரின். அப்பன் கட்டணம் கட்டிப் படிக்கவைக்கும் பள்ளி. அங்கே கணிப்பு என்பது கட்டணத்தோடு சேர்த்தி. அவனுக்கு மூன்று ஏ. அவனும் கால்நடை மருத்துவத்துக்குத்தான் போடுகிறான், மாட்டு டாக்டர்கள் போடும் பச்சைக் கோட்டு தனக்கு எடுப்பாக இருக்கும் என்று.

"டேய், மாட்டு வயித்துல எத்தனை அறைடா?" என்று வேலியோரம் கேட்டாள்.

"எந்த மாடு? அதப் பொறுத்துத்தானே சொல்ல முடியும்?" என்றான் பெரிகிரின்.

கண்காட்சி அன்று காலை, தேநீர்க் கூடாரத்து வரிசையில் பிக்கர்ஸ்கில்லுக்குப் பின்னால் போய் நின்றாள் ரோவீனா. இடம் பார்த்துத்தான் நின்றாள். யார்க்‌ஷயரில் ஒரு மனிதன் கோயிலில் கொடுத்த வாக்கை மீறலாம், கோர்ட்டில் கொடுத்ததையும் மீறலாம். வரிசையில் நின்று கொடுத்ததை மீறினால் பிறகு அவனுக்கு எந்த வரிசையிலும் இடம் கிடையாது.

"சார், இன்னிக்கு உங்க கணிப்பு தப்பாப் போச்சுன்னா எனக்கு ஏ போடுவீங்களா?"

வரிசை முழுக்கத் திரும்பியது. மிஸஸ் லாட்டிமர் கையில் பிஸ்கட் அந்தரத்தில் நின்றது.

"தப்பா? நானா?" பிக்கர்ஸ்கில் சிரித்தார். "தப்பாப் போனா தங்கத்துலயே ஏ எழுதித் தர்றேன், போ."

கிடாவின் பெயர் பிரிகேடியர். கில்பர்ட்டின் பட்டிக் கிடாதான். பிக்கர்ஸ்கில் அதை ஒருமுறை சுற்றிவந்து, தொண்ணூற்று நான்கு கிலோ என்று எழுதிப் போட்டார். சீட்டுப் பெட்டியைப் பன்னிரண்டுக்குப் பூட்டிவிட்டார்கள். எடை போடுவது மூன்று மணிக்கு. பன்னிரண்டே காலுக்கு மழை பிடித்தது.

அந்த ஊரில் மழை பெய்தால் யாரும் எழுந்து போவதில்லை. பெய்கிறது என்று ஒத்துக்கொள்வதும் இல்லை, ஒத்துக்கொள்வது கோழைத்தனம். கூரையில்லாத பெஞ்சில் உட்கார்ந்து, தட்டில் மிதக்கிற கேக்கைக் கரண்டியால் துரத்தித் துரத்தித் தின்றார்கள்.

"கொஞ்சம் பிசுபிசுன்னு இருக்குல்ல?" என்றார் பாதிரியார். அவர் தொப்பி விளிம்பில் அருவி கொட்டியது.

"வெளுத்துரும், வெளுத்துரும்," என்றார் பிக்கர்ஸ்கில்.

கில்பர்ட் மகளிடம் மெல்லக் குனிந்தார். "புள்ள, கிடாவ உள்ள கட்டிரலாமா?"

"எதுக்குப்பா? மழையா பெய்யுது?"

கில்பர்ட் வானத்தைப் பார்த்தார், ஊரைப் பார்த்தார், தன் தட்டுக் கேக்கைத் துரத்தப் போய்விட்டார்.

பிரிகேடியர் உடம்பில் ஒரு வருடத்துக் கம்பளி. அது குடித்தது. முதலில் கிடா பருத்தது. பிறகு கால்கள் மறைந்தன. இரண்டரை மணிக்கு முகமும் உள்ளே போய், எந்தப் பக்கம் தலை என்று தெரியாமல் பாதிரியார் அதன் பின்புறத்துக்கு வணக்கம் சொன்னார். கீழே ஓடும் ஓடையில் தண்ணீர் வற்றி வாத்துகள் நடந்துபோயின. மூன்று மணிக்கு எட்டு ஆட்கள் சேர்ந்து அதை எடைமேடையில் உருட்டி ஏற்றினார்கள். முள் தொண்ணூற்று நான்கைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் தாண்டியது. இருநூற்றுப் பதினொன்றில் நின்றது.

கம்பளிக்குள் தண்ணீர் போகும், தண்ணீருக்கு எடை உண்டு என்பது வேதியியல் ஆசிரியருக்கு அப்போதும் தோன்றவில்லை.

"என் கணிப்புல தப்பே இல்ல," என்றார் பிக்கர்ஸ்கில். "இது தொண்ணூத்தி நாலு கிலோ கிடாதான். கிடா தன் தகுதிக்கு மீறிப் போயிருச்சு. அதுக்கு நான் என்ன பண்ண?"

"அதையேதான் சார் ஜூன்ல நானும் பண்ணப்போறேன்," என்றாள் ரோவீனா.

பிக்கர்ஸ்கில் பி-யை மாற்றவில்லை. தன் கணிப்பை மாற்றுவதைவிட வரிசையில் இடமிழப்பதே மேல் என்று முடிவெடுத்தார். மிஸஸ் லாட்டிமருக்குத்தான் வெட்கம் தாங்கவில்லை. "வரிசையில சொன்ன சொல்லு, மிஸ்டர் பிக்கர்ஸ்கில்! குறைஞ்சது பரிந்துரைக் கடிதத்துலயாவது விளக்கம் எழுதுங்க," என்றார். பிக்கர்ஸ்கில் மூன்று பக்கம் எழுதினார், தன் பக்கத்து நியாயத்தை. கிடாவின் எலும்புக்கட்டு பற்றி ஒன்றரைப் பக்கம்; எடைமேடையின் நேர்மை பற்றி ஒரு பக்கம்; கடைசி வரியில், 'இந்த மாணவியும் அந்தக் கிடாவின் உரிமையாளரைச் சேர்ந்தவரே.'

மூன்று பல்கலைக்கழகங்கள் பி-யைப் பார்த்ததும் மறுத்துவிட்டன. நான்காவதில் ஒரு பேராசிரியர், ஆட்டு நோய்களில் நாற்பது வருடம் ஊறியவர், கடிதத்தைப் படித்துச் சிரித்துச் சிரித்து நாற்காலியிலிருந்து விழுந்தார். எழுந்ததும் அவளை நேர்காணலுக்கு அழைத்தார்.

"கிடாவுக்கு நிமோனியா வரலியாம்மா?"

"வரல சார். அன்னிக்கே பிழிஞ்சு துடைச்சு, ராத்திரி பூரா வைக்கோல்ல வெச்சு, மூச்சு எண்ணிட்டே இருந்தேன். நிமிஷத்துக்கு இருபது. காய்ச்சல் இல்ல."

"நனையும்னு தெரிஞ்சும் ஏன் உள்ள கட்டல?"

"ஊரே மழை இல்லன்னுச்சு சார். நான் ஒருத்தி எப்படி ஆமான்னு சொல்றது?"

"உங்க ஆசிரியர் வேதியியல்ல எப்படி?"

ரோவீனா யோசித்தாள். "கெட்டியான பி சார்."

மூன்று ஏ வாங்கினால் இடம் உண்டு என்று கடிதம் வந்தது. ஜூனில் எழுதினாள். ஆகஸ்டில் மூன்று ஏ வந்தது. வேதியியலில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்று. பெரிகிரினுக்கு ஒரு டி, இரண்டு ஈ வந்தன. பச்சைக் கோட்டை மட்டும் வாங்கிக்கொண்டான். பிக்கர்ஸ்கில் தேநீர் வரிசையின் கடைசியில், யாரும் இடம்விடாமல் தனியாக நின்று, "தோள்பட்டையப் பாத்தப்பவே எனக்குத் தெரியும்," என்று முன்னால் நின்ற முதுகுகளிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

கண்காட்சி நடந்த அந்தச் சனிக்கிழமை ஸ்கார்பெக்கில் ஒரு சொட்டு மழைகூடப் பெய்யவில்லை என்கிறது ஊரார் எழுதிவைக்கும் வானிலைப் பதிவேடு.