திங்களும் வியாழனும்

…இல்லை, வேறு எப்படியும் இதை விளக்க முடியாது, முந்நூற்றுப் பன்னிரண்டு வீடு, நாலு மாதம், "கடந்த ஏழு நாளில் வீட்டில் யாராவது ஒரு வேளைச் சாப்பாட்டைத் தவிர்த்தார்களா" என்ற கேள்விக்கு ஒரு வீட்டில்கூட ஓம் என்று பதில் இல்லை, ஆனால் பக்கத்தில் குறிப்பு என்று ஒரு சின்னக் கட்டம் இருக்கிறதே, யாருமே பார்க்காத கட்டம், நானே பார்க்காத கட்டம், அதில் கிடக்கிறது எல்லாம். இன்று காலை சுபஹு தொழுதுவிட்டு, கொழும்பிலிருந்து வருகிற உணவுத் திட்டக்காரர்கள் முன்னால் படிவங்கள் ஒழுங்காக இருக்கட்டுமே என்று திகதி வாரியாக அடுக்கியபோது கண்டேன், அடுக்காமல் விட்டிருந்தால் கண்டிருக்க மாட்டேன், அல்லாஹ்தான் அடுக்க வைத்தான். ஒக்டோபரில் பத்து வீட்டுக்கு இரண்டு வீட்டில் "நோன்பு" என்று குறிப்பு, நவம்பரில் நாலு, டிசெம்பர் கடைசியில் கடல் மூடிக்கொண்ட பிறகு ஏழு. திங்களும் வியாழனும், றமழான் அல்லாத மாதங்களிலும் விரும்பியவர்கள் நோன்பு பிடிக்கிற நாட்கள். அத்தனை பேரும் பெண்கள். பஸ் சாய்ந்தமருது தாண்டுகிறது, பத்து மணிக்கு ஒலுவிலில் அவர்கள் முன்னால் நான் பேச வேண்டும், மடியில் மடிக்கணினி, மூடுகிறேன், மறுபடி திறக்கிறேன். பக்கத்தில் யன்னல் ஓரமாக நிஹ்லா இருக்கிறாள், என் கள உதவியாளர், படிவங்களில் பாதிக்கு மேல் அவளுடைய குண்டுக் கையெழுத்துத்தான், அவளைப் பிடித்து உலுக்க வேண்டும்போல் இருக்கிறது.

வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்திருக்கிறேன். அதைவிட வெட்கம், அந்தக் கட்டத்தை ஒதுக்கச் சொன்னதே நான்தான். பயிற்சி நாளில் எவ்வளவு பெருமையாகச் சொன்னேன், வெளிநாட்டுக்காரன் எழுதிய கைந்நூலில் இது இல்லை, எங்கள் ஊரை அறிந்தவள் நான், நோன்பு வேறு பசி வேறு, நோன்பு என்று சொன்னால் "இல்லை" என்று போடுங்கள், குறிப்பில் எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போங்கள் என்று. ஊரை அறியாத ஒருவன் வந்திருந்தால் எல்லாவற்றையும் பட்டினி என்று எழுதிப் பிழை விட்டிருப்பான், அறிந்த நான் எல்லாவற்றையும் இபாதத், இறைவணக்கம் என்று எழுதிப் பிழை விட்டேன், எது பெரிய பிழை? பேராதனையில் விவசாயம் படிக்கப் போனபோது சாச்சா கேட்டார், மண்வெட்டி பிடிக்கவா மகள் இவ்வளவு தூரம் போறீங்க என்று, பிறகு விவசாயப் பொருளியல் என்றதும், அப்ப பேங்க் வேலைதானே என்று நிம்மதி அடைந்தார், இன்றைக்கும் கலியாண வீடுகளில் என்னிடம் தங்க விலை கேட்பவர்கள் இருக்கிறார்கள். பதினொரு வருடம் அடுத்தவர்களுடைய திட்டங்களில் அடிக்குறிப்பாக இருந்திருக்கிறேன், "களத் தரவு: சுஹறா" என்று, அதுவும் ஒரு அறிக்கையில் எழுத்துப் பிழையோடு. இந்த ஒப்பந்தமும் மாதக் கடைசியோடு முடிகிறது. முடியட்டும், இதற்குப் பிறகு என்னை யார் அடிக்குறிப்பில் போடுவான் என்று பார்ப்போம்.

பொறு, பொறு, துள்ளாதே. கேள்வி கேட்பார்கள். றமழான் வர இன்னும் சில கிழமைதான், போன றமழானில் விடுபட்ட நோன்புகளைப் பெண்கள் இப்போதுதானே களா செய்து முடிப்பார்கள், அதனால் கூடியிருக்கலாமே என்று எவராவது கேட்பார், கேட்க வேண்டிய கேள்விதான். கேட்கட்டும். அதே ஒழுங்கையில், அதே பள்ளிவாசல் வட்டத்தில், வயல் உள்ள வீடுகள் இருக்கின்றன, போன போகத்து நெல் மூட்டை அறையில் கிடக்கிற வீடுகள், அந்தப் பெண்களும் களா செய்பவர்கள்தான், அங்கே கோடு ஒக்டோபர் தொடக்கம் ஜனவரி வரை படுத்தே கிடக்கிறது, இரண்டு, இரண்டு, மூன்று, இரண்டு. கடலை நம்பிய வீட்டிலும் தறியை நம்பிய வீட்டிலும் மட்டும் ஏறுகிறது. அரிசி விலை ஏறுகிற அதே கிழமைகளில் ஏறுகிறது, இரண்டு கோட்டையும் ஒன்றின்மேல் ஒன்று வைத்துப் பார்த்தேன், அக்கா தங்கைபோல் சேர்ந்து போகின்றன. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள், இவர்கள் சோறு இல்லாததையே மறைத்திருக்கிறார்கள். காரைதீவு வந்துவிட்டது, கோவில் வாசலில் ஈரத் தலையோடு பெண்கள், அட, இவர்கள் வெள்ளி தோறும் பிடிக்கிற விரதம், அதை யார் எண்ணினார்கள், கல்முனையில் தவக்காலம் பிடிக்கிற வீடுகள், பெரியநீலாவணை, மூன்று சமயம், ஒரே கடல், ஒரே விலை, இது ஒரு கட்டுரை இல்லை, பத்து வருட வேலை, எனக்கு வேலை கிடைத்துவிட்டது. இதைக் காட்டாமல் அந்த "இல்லை"களை மட்டும் காட்டினால் வரைபடத்தில் எங்கள் கரை பச்சை நிறமாகிவிடும், உணவுக்குக் குறையில்லாத பகுதி, கடல் மூடுகிற மாதங்களுக்கான உலர் உணவு வேறு மாவட்டத்துக்குப் போய்விடும். காட்டினால் சிவப்பு. இன்று பத்து மணிக்கு, என் வாயால்.

நிஹ்லாவிடம் சொன்னேன், அடக்க முடியவில்லை, கணினியை அவள் பக்கம் திருப்பி, கோட்டில் விரலை வைத்து ஏறுகிற இடமெல்லாம் காட்டினேன். அவள் நிதானமாகப் பார்த்தாள். பிறகு, "ஓம் மிஸ், நானும் கண்டதான்," என்றாள். எப்போது? "நவம்பருலேயே." ஏன் சொல்லவில்லை என்று கேட்டபோது என் குரல் கொஞ்சம் உயர்ந்திருக்க வேண்டும், முன் இருக்கைக்காரர் திரும்பினார். "என்னத்தச் சொல்ற மிஸ்? நோன்பெண்டு அவ சொன்னா நோன்புதானே. நிய்யத்து அவக்கும் அல்லாஹ்க்கும் இடையில உள்ள. அத நான் பேனையும் வெச்சிக்கிட்டு எப்படிக் கேக்கிற?" நிய்யத்து, நோன்புக்கென்று மனசுக்குள் வைக்கிற எண்ணம், அதை எந்தப் படிவத்தாலும் எண்ண முடியாது, அவள் சொன்னது சரி. அவள் விடவில்லை. "நீங்க இதப் படம் போட்டுக் காட்டினா, நாளைக்கி வியாழக்கிழம நோன்பு புடிக்கிற பொம்புளையெல்லாம் சோத்துக்கு வழியில்லாதவளெண்டு ஊரு கதைக்கும். உண்மையா அல்லாஹ்க்காகப் புடிக்கிறவ என்ன செய்யிற? மத்தவளும் பாவம், அவக்கு அந்த ஒரு மரியாததான் மிச்சம் கிடக்கு." நான் கோட்டைப் பார்த்தேன், அழகான கோடு, அதற்குள் யார் எதற்காகப் பிடித்தார்கள் என்று எனக்கு என்ன தெரியும், ஏழு வீட்டில் இரண்டு வீடு இபாதத், ஐந்து வீடு பசி என்று எந்தக் கத்தியால் வெட்டுவது? இல்லை, ஒரே பெண்ணுக்குள்ளே இரண்டும் இருந்தால்? பசியும் உண்மை, நிய்யத்தும் உண்மை என்றால்? அதற்குப் பாடப் புத்தகத்தில் கட்டம் இல்லை. காட்டாவிட்டால் கரைக்குச் சோறு இல்லை, காட்டினால் மானம் இல்லை, மணி ஒன்பது இருபது.

நிந்தவூரில் ஒருவர் வறுத்த கச்சான் கடலைச் சுருள்களோடு ஏறி இறங்கினார், ஒரு சுருள் வாங்கினேன். பஸ் மறுபடி ஓடத் தொடங்கியபோது நிஹ்லா வெளியே பார்த்தபடியே சொன்னாள், "நோன்பப் பத்திக் கேக்காதீங்க மிஸ். சஹருக்கு என்ன சாப்பிட்டெண்டு கேளுங்க." சஹர், விடியுமுன் உண்கிற நோன்புச் சாப்பாடு. "நோன்புக்கெண்டு பான வெச்சவ, முந்தின இரவே ஒரு புடி சோறு சஹருக்கெண்டு மூடி வெப்பா. சோறு, பாண், ரெண்டு ஈத்தம்பழம், என்னவாச்சும் சொல்லுவா. பான வெக்காத ஊட்டுல…" முடிக்கவில்லை, முடிக்கத் தேவையும் இல்லை, அந்த வீட்டில் சொல்ல ஒரு சாப்பாட்டின் பெயர் இருக்காது. நிய்யத்தைத் தொடாத கேள்வி. யாரையும் குற்றம் சொல்லாத, யாரும் கூச்சப்படாத, எந்த வீட்டிலும் கேட்கக் கூடிய, சமையலைப் பற்றிய ஒரு சாதாரணக் கேள்வி, ஆனால் உள்ளே போய் இரண்டையும் பிரித்துக் கொண்டு வந்துவிடும், பதினொரு வருடத்தில் நான் கண்ட எந்தக் கைந்நூலிலும் இதில் பாதி அறிவு இல்லை. இன்று கோட்டைக் காட்ட மாட்டேன், இதைக் காட்டுவேன், தரவு போதாது என்று சொல்லுவேன், பச்சை பூச இன்னும் நேரம் வரவில்லை, ஆறு கிழமை தாருங்கள், ஒரு கேள்வி சேர்த்து அதே வீடுகளுக்குப் போகிறேன் என்பேன், கரையும் தப்பும், மானமும் தப்பும், இந்தப் பெண்ணின் பெயரை முதல் பக்கத்தில் போடுவேன், அடிக்குறிப்பில் இல்லை. கொப்பியைத் திறந்து கேள்வியை எழுதினேன், அடியில் இரண்டு கோடு இழுத்தேன். வாங்கிய கச்சான் சுருளை நீட்டினேன், எடுகா, இது உன்ட கண்டுபிடிப்பு என்று. "இண்டைக்கி நோன்பு மிஸ்," என்று சிரித்தாள். அட, வியாழன், மறந்தே போனேன், நல்லதாகப் போயிற்று, அப்ப நீதான் முதல் ஆள் என்று பேனையைத் தட்டிவிட்டு, பரிசோதிக்கிற ஆசையில், விளையாட்டாகத்தான், கேட்டேன்:

"சொல்லு நிஹ்லா, சஹருக்கு என்ன சாப்பிட்ட?"

"ஓம் மிஸ், சாப்பிட்டம்," என்றாள்.

என்ன என்று கேட்டேன். சாப்பிட்டம் என்று மட்டும் வந்தது. அவள் யன்னலுக்கு வெளியே ஒலுவில் சந்தி வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தாள், முகத்தில் ஒன்றும் இல்லை, அவளுடைய கணவர் முபீன் இன்னொருவரின் படகில் கடலுக்குப் போகிறவர், படகுகள் கரையில் ஏறி இன்றைக்குப் பதினேழு நாள் என்று என்னிடமே கணக்கு இருக்கிறது, திகதியோடு இருக்கிறது. நாலு மாதமாக இவளோடு ஒரே பஸ்ஸில் போகிறேன், முந்நூற்றுப் பன்னிரண்டு வீட்டில் கேட்டேன், பக்கத்து இருக்கையில் கேட்கவில்லை. பேனை கொப்பியின்மேல் நிற்கிறது. நடத்துநர் ஒலுவில், ஒலுவில் என்கிறார், அவள் எழுந்து படிவப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, "வாங்க மிஸ், நேரம் போகுது," என்கிறாள். வெட்கமாக இருக்கிறது, அழுகை வருகிறாற்போலும் இருக்கிறது, ஆனால் அதற்குக் கீழே, யா அல்லாஹ், அந்தச் சந்தோஷம் இன்னும் அப்படியே இருக்கிறது, கேள்வி வேலை செய்கிறது, முதல் ஆளிலேயே வேலை செய்கிறது என்று, அது போகமாட்டேன் என்கிறது.