பத்து நிமிஷத் தூரம்

விமான நிலைய விசாரணைக் கவுண்டரில் இருந்தவள் எவ்வளவு நேரம் என்று சொன்னாளோ, விமானம் அவ்வளவு நேரத்தில்தான் போய்ச் சேர்ந்தது. பதினெட்டு வருடங்களாக இது யாருக்கும் தெரியாது. அவள் அட்டவணையில் இருந்ததையே சொல்லிவந்தாள்: கடற்கரை நகரத்துக்கு ஆயிரத்து நானூறு கிலோமீட்டர், இரண்டு மணி பத்து நிமிடம். ஒரு செவ்வாய்க்கிழமை பல்வலியில் வாய் குழறி ஒன்றரை மணி என்று சொல்லிவிட்டாள். அன்று விமானம் ஒன்றரை மணியில் இறங்கியது. எரிபொருள் மிச்சமிருந்தது, விமானி ஒன்றும் புதிதாகச் செய்யவில்லை. மேலாளர் இரண்டு நாள் யோசித்துவிட்டு, அட்டவணையில் உள்ளதை மட்டும் படிக்கும்படி அவளுக்குக் கடிதம் கொடுத்தார். அவளும் அப்படியே செய்தாள்.

கடற்கரை நகரத்தில் அவளுடைய அக்கா இருந்தாள். ஒன்பது வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லை. அம்மா செத்த அன்று அக்கா வந்து சேர்ந்தபோது உடலை எடுத்துக்கொண்டு போய் இருபது நிமிடம் ஆகியிருந்தது. "இவ்வளவு தூரம் வந்ததே பெருசு" என்று வாசலில் வைத்துத் தங்கை சொன்ன சொல், அக்காவைச் செருப்பைக்கூடக் கழற்றவிடாமல் திருப்பி அனுப்பிவிட்டது.

அப்பா ஆஸ்பத்திரியில் படுத்த நான்காம் நாள் காலை, விடுப்புக் கடிதம் கொடுக்க வந்த தங்கை கையெழுத்துக்காகக் கவுண்டரில் நின்றிருந்தாள். தொலைபேசி அடித்தது.

"நான்தான்டி. சித்தப்பா இப்பதான் சொன்னார். அப்பா எப்படி இருக்கார்?"

"நேத்துலேர்ந்து பேச்சு இல்ல. மத்தியானம் தாண்டாதுன்னு டாக்டர் சொல்லிட்டார்."

"பதினொன்னே முக்கால் ஃப்ளைட்டுதான் கெடச்சுது. வந்து சேர எவ்வளவு நேரமாகும்?"

இரண்டு மணி பத்து நிமிடம் என்பது தங்கையின் நாக்கு நுனியில் இருந்தது. சொன்னால் பொய்யும் இல்லை, தப்பும் இல்லை. மேலாளரின் கடிதமும் அதைத்தான் சொல்லியிருந்தது. அவள் ஒன்பது வருடத்தையும் ஒருமுறை நினைத்துப் பார்த்துக்கொண்டாள். எதிர்முனையில் அக்கா மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

"பத்து நிமிஷம்."

"என்னது?"

"பத்து நிமிஷம்தான். நீ வா."

பணிப்பெண் பெல்ட்டைச் சரிபார்த்து உட்காருவதற்குள் விமானம் தரையைத் தொட்டது. பன்னிரண்டரைக்கு அக்கா கட்டிலருகே நின்றாள். அப்பா கண்ணைத் திறந்து இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "ரெண்டு பேரும் சாப்டீங்களா?" என்றார். "ஆச்சுப்பா" என்று இருவரும் ஒரே மூச்சில் பொய் சொன்னார்கள். ஒன்றே காலுக்கு அவர் போய்விட்டார்.

காரியங்கள் முடிந்து வேலைக்குத் திரும்பியவளை மேலாளர் கூப்பிட்டு, பழைய நேரத்தையே சொல்லச் சொன்னார். மாட்டேன் என்றுவிட்டாள். நில அளவைக்காரர்கள் வந்து கடற்கரை நகரம்வரை அளந்து, நூற்றெட்டு கிலோமீட்டர் என்று எழுதிக்கொண்டு போனார்கள். இடையிலிருந்த ஊர்களில் ஒன்றுகூடக் காணாமல் போகவில்லை. அடுத்த ஊர் ரேடியோ கொஞ்சம் சத்தமாகக் கேட்கிறது என்பதைத் தவிர அங்கே யாருக்கும் புகாரில்லை. பள்ளிப் புத்தகங்களில் திருத்தச் சீட்டு ஒட்டினார்கள்.

இப்போது அக்கா வாரம் தவறாமல் சனிக்கிழமை வருகிறாள். வந்ததும் கேட்காமலே அலமாரியை இழுத்துப்போட்டு அடுக்குகிறாள், பிறகு ஒரு வாரத்துக்கு எதுவும் கைக்குக் கிடைப்பதில்லை என்று தங்கை பக்கத்து வீட்டில் குறைப்பட்டுக்கொள்கிறாள். ஐந்து மணி தாண்டியும் அக்காவைக் காணோம் என்றால், வாசலுக்கும் உள்ளுக்குமாக நடக்கிறாள்.