பெருக்கி வைத்த மூங்கில் தோப்பு

அந்தச் செடிக்கு இலையும் கிடையாது, பச்சையும் கிடையாது. பூலாம்பாடிக்கு மேற்கே, மலையடிவார மூங்கில் தோப்பில் மக்கிய சருகைத் துளைத்துக்கொண்டு விரல் உயரத்துக்கு வெள்ளையாக நிற்கும். அதற்கு வெயில் வேண்டாம். சருகுக்கு அடியில் படர்ந்திருக்கும் பூஞ்சைதான் அதற்குச் சோறு போடுகிறது. அந்த ஊர்ப் பள்ளியில் டீச்சராக இருந்த நான், 2003 ஐப்பசி மழையில் அங்கே பதினோரு செடி பார்த்தேன்.

தோப்பை வெட்ட ஏலம் விட்டாகிவிட்டது. இது அரிய செடி என்று, கல்லூரியில் எனக்குத் தாவரவியல் எடுத்த பேராசிரியர் எழுதிக் கொடுத்தால் நிறுத்திப் பார்க்கலாம். அவரோ என் போட்டோக்களைப் புரட்டிவிட்டு, கண்ணால் பார்க்காமல் கையெழுத்துப் போட மாட்டேன் என்றார். கெஞ்சிக் கூத்தாடி வெள்ளிக்கிழமை வரச் சம்மதிக்க வைத்தேன்.

அதுவரை பார்த்துக்கொள்ளும்படி, அங்கே ஆடு மேய்க்கும் இருசம்மாளக்காவிடம் சொன்னேன். பெரிய சார் ஒருத்தர் இந்தச் செடியைப் பார்க்க வருகிறார், பத்திரம் என்றதோடு சரி. பூஞ்சையைப் பற்றி மூச்சு விடவில்லை. சொன்னால் அவருக்கு எங்கே புரியப்போகிறது என்ற நினைப்பு. படித்த திமிர், வேறென்ன.

வெள்ளிக்கிழமை பேராசிரியரோடு போனால், தோப்புத் தரை பளிச்சென்று இருந்தது. சருகு ஒன்றுகூட இல்லை. சாணி தெளித்துக் கோலம் போட்டிருந்தது. கோலத்துக்கு நடுவே பதினோரு செடியும் கறுத்துச் சுருண்டு கிடந்தன.

இருசம்மாளக்கா நல்ல சேலை கட்டி, விளக்குமாறும் கையுமாக நின்றார். பெரிய மனுஷர் வருகிற இடம் குப்பையாகக் கிடக்கலாமா என்று மூன்று நாளாகப் பெருக்கினாராம். செடி வாடியதைப் பார்த்துச் சாணியும் கரைத்து ஊற்றினாராம்.

பேராசிரியர் ஒன்றைக் கிள்ளிப் பார்த்தார். இதை வைத்து ஒன்றும் எழுத முடியாது என்று சொல்லிவிட்டு ஜீப்புக்குத் திரும்பினார். எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை.

"அறிவிருக்காக்கா உங்களுக்கு? அந்தக் குப்பையிலதான அதோட உசுரே இருக்கு."

அவர் முகம் செத்துப்போனது.

"இத அன்னிக்கே சொல்லியிருந்தா ஒரு சருக தொட்டிருப்பனா, டீச்சர்?"

வெட்கம் என்னைப் பிடுங்கித் தின்றது. அவர் விளக்குமாற்றைப் போட்டுவிட்டு ஓடினார். தோப்போரம் குவித்திருந்த சருகை இரண்டு கையாலும் அள்ளிவந்து, கருகிய செடிகளுக்கு மேல் போர்த்த ஆரம்பித்தார்.

இனி அது பிழைக்காது என்று எனக்குத் தெரியும். அதையும் நான் அவரிடம் சொல்லவில்லை.