பார்த்தாச்சு

ஒன்பது பேரிடம் வேலை வாங்குவது லேசில்லை. அதுவும் சம்பளமில்லாத ஒன்பது பேரிடம். கம்பத்தில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் பாடம் நடத்திக்கொண்டிருந்த பாஜிலா, 2008ஆம் வருஷம் அந்த வேலையைத் தானாகக் கேட்டு வாங்கித் தலையில் போட்டுக்கொண்டாள். 'அடுக்கு' என்று ஒரு இலவச மென்பொருள். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளின் பெயர்களைத் தட்டினால் அகர வரிசையில் அடுக்கித் தரும். எழுதியவர் சூரியபிரகாஷ், தேனிக்காரர், சென்னையில் பெரிய உத்தியோகம்.

நிரலில் மொத்தம் இருபத்துமூன்று கோப்புகள். வெளியிடுவதற்கு முன் ஒவ்வொன்றையும் இரண்டு பேர் வரிவரியாகப் படித்துவிட்டு, குழுவின் இணையப் பக்கத்தில் 'பார்த்தாச்சு' என்று எழுத வேண்டும். யாருக்கு எந்தக் கோப்பு, யார் இழுத்தடிக்கிறார் என்று கவனிப்பது பாஜிலாவின் பொறுப்பு. அதற்குக் கூலியாகக் குறுந்தகட்டின் உறையில் 'சரிபார்ப்பு ஒருங்கிணைப்பு: பாஜிலா, கம்பம்' என்று அச்சாகியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை தேனியில் வெளியீட்டு விழா. அறுபது பள்ளி ஆசிரியர்களுக்கு அழைப்பு போய்விட்டது.

செவ்வாய்க்கிழமை காலையில் பார்த்தால், எல்லாக் கோப்புக்கும் பார்த்தாச்சு வந்திருந்தது. சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். அவளோ பக்கத்தில் பதிவாகியிருந்த நேரத்தைப் பார்த்தாள். பெயர்களை வரிசைப்படுத்தும் கோப்பு எண்ணூறு வரி. தேனிக் கல்லூரி விரிவுரையாளர் இனியன் அதை எடுத்தது முந்தின நாள் சாயங்காலம் நாலு பத்துக்கு. பார்த்தாச்சு என்று எழுதியது நாலு பதினாலுக்கு. அதற்குள் டீகூட ஆறாது. உடனே போன் போட்டாள்.

"இனியன் சார், வரிசைக் கோப்பைப் பாத்தீகளா?"

"பாத்தாச்சேம்மா. போட்டுருக்கேனே."

"என்ன பாத்தீக?"

"நல்லாருந்துச்சு."

"எந்த வரி சார் நல்லாருந்துச்சு?"

அந்தப் பக்கம் சிரிப்பு. "சூரியா எழுதுனதும்மா. அவுக எழுதுனதுல போயி நான் என்னத்தக் குத்தம் சொல்ல? மரியாதையா இருக்காதுல்ல."

பாஜிலாவுக்குச் சுருக்கென்றது. கல்யாண ஆல்பத்தைப் புரட்டிவிட்டு 'பார்த்தாச்சு, நல்லா இருக்கு' என்று திருப்பித் தருவார்களே, அந்தப் பார்த்தாச்சு இது. அந்த வார்த்தையைத் தேர்ந்தெடுத்தவளே அவள்தான், யாரை நோவது? விருந்துக்குப் போன வீட்டில் சாம்பாரில் உப்பில்லை என்றுகூட நம் ஆட்கள் வாய் திறக்க மாட்டார்கள். சென்னையில் பெரிய உத்தியோகம் பார்ப்பவரின் நிரலில் ஓட்டை என்றா சொல்லிவிடப் போகிறார்கள்?

இனி யாரையும் நம்புவதில்லை என்று அவளே உட்கார்ந்தாள். சோதனைக்கென்று சூரியபிரகாஷ் கொடுத்திருந்த பட்டியலில் நாற்பது பெயர்கள். இளவேனில், கயல்விழி, செந்தாமரை என்று அத்தனையும் சுத்தத் தமிழ். ஒரு வகுப்பில் நாற்பது பேருக்கும் இப்படிப் பெயர் வாய்த்த பள்ளிக்கூடம் எந்த ஊரில் இருக்கிறதோ, அவளுக்குத் தெரியவில்லை. உத்தமபாளையத்தில் ஆசிரியையாக இருந்த மதினி லத்திபாவிடம் நாலாம் வகுப்புப் பட்டியலைக் கேட்டு வாங்கினாள். நாற்பத்தொரு பிள்ளைகள். உள்ளே கொடுத்தாள். இருபத்துநாலு பேர்தான் வெளியே வந்தார்கள்.

அஷ்ரப் இல்லை. ஜெயராணி இல்லை. நாகராஜ் இல்லை, ஸ்டெல்லா இல்லை, அப்துல் ஜலீலும் இல்லை. நிரலைப் படித்தாள். முந்நூற்றுப் பன்னிரண்டாம் வரி: தெரியாத எழுத்து வந்தால் அந்தப் பெயரைத் தள்ளு. ஜ, ஷ, ஸ, ஹ நான்கும் நிரலுக்குத் தெரியாத எழுத்துகள். மதினியின் பெயரைக் கொடுத்தாள், வந்தது. தன் பெயரைக் கொடுத்தாள், காணோம். பட்டியல் போடுகிறவருக்கு இது எங்கே தெரியப்போகிறது? திங்கட்கிழமை வருகை எடுக்கும்போது பதினேழு பிள்ளைகள் பெயர் கூப்பிடக் காத்துக்கொண்டே இருக்கும். உறையில் மட்டும் பாஜிலா, கம்பம். அவளுக்குக் கோபத்தில் கண் கலங்கிவிட்டது.

போன் போட்டுச் சொன்னாள். சூரியபிரகாஷ் பொறுமையாகத்தான் கேட்டார். "சரி, அடுத்த பதிப்புல பாத்துக்கலாம் பாஜிலா. குறுந்தகடு எல்லாம் ரெடி. அழைப்பும் போயாச்சு."

"அறுபது பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள விட்டுட்டு அழைப்பப் பாக்கச் சொல்றீகளா சார்?"

"உங்க வேலை, யார் முடிச்சாங்கன்னு கணக்கெடுக்கிறது. குறை கண்டுபிடிக்கிறது இல்லை."

"யாரும் படிக்கல. அதான் நான் எடுத்த கணக்கு. வரிசைக் கோப்புல இருந்த பார்த்தாச்சு ரெண்டையும் அழிச்சுட்டேன். என் பேரோட இது வெளிய போகாது."

"அப்ப உங்க பேர் இல்லாம போகும்" என்றார். சொன்னபடியே செய்தார். சாயங்காலம் அவள் கடவுச்சொல் வேலை செய்யவில்லை. குழு மடல்களும் நின்றுபோயின. எட்டு மாசம் ராப்பகலாக இழுத்துக்கட்டி நடத்திய குழுவில் அவளுக்கு இடமில்லை.

அழுதாள்தான். ஆனால் நிரல் அவள் கணினியில் இருந்தது. புதன், வியாழன் இரண்டு நாளும், கரண்ட் இருக்கும் நேரம் பார்த்துத் திருத்தினாள். விட்டுப்போன எழுத்துகளைச் சேர்த்தாள். தெரியாத எழுத்து வந்தால் தள்ளாதே, கடைசியில் வை என்று மாற்றினாள். வெள்ளிக்கிழமை பஸ் ஏறித் தேனிக்குப் போய், இனியன் வீட்டு மேஜையில் அச்செடுத்த தாள்களை வைத்தாள்.

"நான் திருத்துனதையும் இன்னொருத்தர் படிக்கணும் சார். ஒரு குத்தமாச்சும் சொல்லாம என்னைய அனுப்பாதீக."

இனியன் கூச்சத்தோடு கண்ணாடியை மாட்டினார். இந்தத் தடவை மூன்று மணி நேரம் ஆனது. "ஏம்மா, ஜ-வைக் கொண்டுபோயி ச-வுக்குப் பக்கத்துல வச்சிருக்கியே. ஜெயராணி, சண்முகத்துக்கும் ஞானத்துக்கும் நடுவுல வந்து நிக்கிறா. கடைசியில, ன-வுக்கு அப்புறம்ல வரணும்?"

பாஜிலாவுக்கு அந்தக் குத்தம் தேனாக இனித்தது. அங்கேயே திருத்தினாள். இரண்டு பேருமாகத் திருத்திய நிரலை அறுபது குறுந்தகடுகளில் ஏற்றினார்கள். மார்க்கர் பேனாவால் ஒவ்வொன்றிலும் 'அடுக்கு, முழுப் பட்டியல்' என்று போட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை மண்டப வாசலில், சந்தனக் கிண்ணத்துக்கு அடுத்து, பை நிறையத் தகடுகளோடு நின்றாள். உள்ளே வந்த ஆசிரியர்களிடம், "உங்க வகுப்புல ஒரு பிள்ளையும் விட்டுப்போகாது, இதப் போடுங்க" என்று கொடுத்தாள். பாதிப் பை காலியானபோது சூரியபிரகாஷ் மேடையிலிருந்து இறங்கி வந்தார். முகம் சிவந்திருந்தது.

"யாரைக் கேட்டுக் கொடுக்கறீங்க?"

"யாரும் திருத்தலாம், யாரும் யாருக்கும் குடுக்கலாம், கேக்க வேண்டியதில்லன்னு உரிமத்துல நீங்கதான சார் எழுதியிருக்கீக?"

"இது நான் எழுதின நிரல்!"

"ஆமா. எழுதுனது நீங்கதான்னு உள்ள போட்டுருக்கேன்." ஒரு தகட்டை எடுத்து அவர் முன்னால் நீட்டினாள். "மேடையில வச்சிருக்கீகளே, அதுல உங்க பேர அடிச்சுப் பாருங்க சார். கடைசி எழுத்து ஷ். வராது. இதுல வரும், பிடிங்க."