பெட்டியின் முதுகு

தனியாகப் போகிறேன் என்று சொன்னதும் என் அண்ணன் செய்த முதல் காரியம், என் கம்ப்யூட்டரின் பின்னால் இருந்த கேபிள்களை எல்லாம் பிடுங்கியதுதான். வீட்டில் கிடந்த பழைய கேபிள்களோடு கலந்து, ஒரு சாக்கில் திணித்துக் கையில் கொடுத்தான்.

"எடுத்துட்டுப் போ. மாட்டத் தெரியாம நீயே கூப்பிடுவே. அப்ப வந்து, சாமானையும் உன்னையும் சேர்த்துக் கூட்டிட்டு வந்துடறேன்."

சொல்லிவிட்டு இளித்தான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. புத்தகங்களுக்குப் பக்கம் அமைப்பது என் தொழில். இத்தனை வருடமும் அந்தப் பெட்டியில் மாடாய் உழைத்தவள் நான். அதன் முதுகைத் தொடும் உரிமை மட்டும் அவனுக்கு. 'தப்பா சொருகினா புகைஞ்சிடும்' என்று சொல்லியே பயங்காட்டி வைத்திருந்தான்.

வாடகை அறையில் சாக்கைக் கவிழ்த்தேன். சாயங்காலத்துக்குள் ஒரு பாடப்புத்தகம் அச்சகத்துக்குப் போயாக வேண்டும். சொந்தமாகப் பிடித்த முதல் வேலை. இது கைவிட்டுப் போனால் அண்ணன் வீடுதான் கதி.

முனையைப் பார்த்துப் பிரித்தேன். தடித்த மூன்று ஓட்டைக்காரன் கரண்டுக்கு. நீலத் தலையும் இருபுறம் திருகும் வைத்தவன் பழைய மானிட்டர்களின் ஆள். என் மானிட்டரில் அவனுக்கு இடமே இல்லை. சதுரத் தலையன் பிரிண்டருக்கு. தட்டையாக, கீழ் மூலைகள் இரண்டும் ஒடுங்கியிருந்த எச்.டி.எம்.ஐ. என் மானிட்டருக்கு. கிட்டத்தட்ட அதே சாயலில், ஒரு மூலை மட்டும் வெட்டுப்பட்ட இன்னொன்றும் இருந்தது. அழுத்திப் பார்த்தேன், நுழைய மறுத்தது. அப்போதுதான் உறைத்தது. இடம் தப்பென்றால் இவை நுழைவதே இல்லை! எத்தனை வருடம் என் காதில் பூச்சுற்றியிருக்கிறான்!

எல்லாவற்றையும் மாட்டி ஸ்விட்சைப் போட்டேன். உள்ளே விசிறி சுற்றியது. திரையோ 'சிக்னல் இல்லை' என்றது.

போன் அடித்தது. அண்ணன்தான்.

"என்ன, வரட்டுமா?"

"வேணாம்."

பட்டென்று வைத்துவிட்டு, டார்ச் அடித்துப் பெட்டியின் முதுகைப் பார்த்தேன். முதலில் நான் தூசியை ஊதிவிட்டுச் சொருகியிருந்த வாய்க்குக் கீழே, தனி வரிசையில், அதே உருவத்தில் இன்னொரு வாய். அதில் தூசியே இல்லை. இத்தனை நாள் புழங்கிய வாய் அதுதானே! மாற்றிச் சொருகினேன். திரையில் வெளிச்சம் வந்தது. தனியாக உட்கார்ந்து வாய்விட்டுச் சிரித்தேன்.

பாதிப் பக்கங்களை முடித்திருந்தபோது, கூப்பிடாமலே வந்து நின்றான்.

"யாரு வந்து மாட்டிக் குடுத்தா?"

"நான்தான்."

"நீயா? அளக்காதே. எங்கயாவது கோளாறு பண்ணியிருப்பே, நகரு."

குனிந்தவன் ஒரு கேபிளை உருவினான். திரை இருண்டது.

"பாத்தியா? இப்ப நான் வேணும்ல?"

முன்பென்றால் அழுதிருப்பேன். இப்போது மனம் கொஞ்சமும் பதறவில்லை. அணைந்தது திரைதான், பெட்டி ஓடிக்கொண்டுதான் இருந்தது, பக்கங்களும் பத்திரமாக இருந்தன. அவன் கையிலிருந்து கேபிளை வாங்கி, அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதன் இடத்தில் சொருகினேன். விட்ட வரியிலேயே பக்கம் திரும்பி வந்தது.

"அண்ணா, எனக்கு வேலை கெடக்கு. போறப்ப கதவைச் சாத்திட்டுப் போ."