மூன்றாவது ஜன்னல்

தச்சர் துளைக்கருவியை அணைத்துவிட்டு முக்காலியிலிருந்து இறங்கப் பார்த்தார்.

"இறங்காதீங்கண்ணே," என்றாள் மகள். "இன்னும் ஒரு கதவுதானே? மாட்டிடுங்க."

கட்டிலில் அம்மா இறந்து ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. காலையில் அவர் வேலையைத் தொடங்கியபோது உயிரோடுதான் இருந்தாள். "சத்தம் தொந்தரவா இருக்காம்மா?" என்று அவர் கேட்டதற்கு, "நீங்க அடிங்க, நான் எங்க எழுந்து ஓடப்போறேன்?" என்றாள். பிறகு பேசவில்லை.

அந்த வீட்டில் மூன்று ஜன்னல்கள். மூன்றும் எதிர்வீட்டைப் பார்த்தவை. எதிர்வீடு அப்பாவின் அண்ணனுடையது. அம்மா கல்யாணமாகி வந்த வாரமே பெரியப்பா தடித்த பச்சைத் திரைகளை வாங்கிவந்து தன் கையாலேயே மாட்டினார். "வீட்டுப் பொம்பளையைத் தெருவே வேடிக்கை பார்க்கணுமா?" என்றாராம். அப்பா வாயைத் திறக்கவில்லை. முப்பத்தோரு வருஷம் பட்டப்பகலிலும் விளக்கைப் போட்டுக்கொண்டுதான் அம்மா பள்ளிப் பிள்ளைகளின் விடைத்தாள்களைத் திருத்தினாள்.

போன மாதம் டாக்டர் கைவிரித்ததும் தச்சரை வரவழைத்தது அவள்தான். ஜன்னலுக்கு உள்பக்கமாக மரக் கதவுகள், அவற்றில் குறுக்கே வரிசையாகப் பட்டைகள். நடுவிலுள்ள குச்சியை அசைத்தால் பட்டைகள் சரியும். வெளிச்சம் வரும், காற்று வரும், அடுத்தவர் கண் மட்டும் வராது. "நான் எல்லாத்தையும் பாக்கணும். என்னை எவனும் பாக்கக் கூடாது," என்று சொல்லி வெண்ணெய் நிறத்தில் பூசச் சொன்னாள். கூடத்து ஜன்னல்கள் இரண்டும் நேற்றே முடிந்தன. சுவரில் இத்தனை நாளும் மெல்லிய நீலம் இருந்திருக்கிறது என்பதே மகளுக்கு அப்போதுதான் தெரிந்தது.

பெரியப்பா செருப்போடு உள்ளே வந்தார்.

"இழவு வீட்ல என்ன இடி சத்தம்? ஆளுங்க வர்ற நேரம். நிறுத்தச் சொல்லு. அந்தத் திரையை எடுத்து மாட்டு."

"அதைக் கிழிச்சு நேத்தே தரை தொடைச்சாச்சு, பெரியப்பா."

"வாய் நீளுது. எல்லாம் உங்கம்மா வளர்ப்பு."

"ஆமா. அவங்க வளர்ப்புதான்."

அவர் தச்சர் பக்கம் திரும்பினார். "யோவ், இறங்குய்யா."

தச்சர் கதவைப் பிடித்தபடி தயங்கினார். இன்னொருவர் தாங்காமல் கீலில் திருகை முடுக்க முடியாது. மகள் எட்டு வைப்பதற்குள் கட்டிலருகே உட்கார்ந்திருந்த அப்பா எழுந்தார். தம்பி தன்னிடம்தான் வருகிறான் என்று பெரியப்பா கையை நீட்டினார். அப்பா அந்தக் கையைத் தாண்டிப் போய்க் கதவின் அடிப்பக்கத்தை ஏந்திப் பிடித்தார்.

"மட்டம் சரியா இருக்கா பாருங்க," என்றார் தச்சரிடம்.

"டேய்..."

"முடியட்டும்ணா. அப்புறம் பேசலாம்."

திருகுகள் ஒவ்வொன்றாக இறுகின. "என்னமோ பண்ணுங்க," என்று பெரியப்பா கூடத்துக்குப் போய்விட்டார்.

தச்சர் குச்சியை உயர்த்தினார். கட்டிலெங்கும் வெளிச்சம் கோடு கோடாக விழுந்தது. மகள் போர்வையிலிருந்த மரத்தூளைக் கையால் ஒதுக்கினாள். ஒரு கோடு அம்மாவின் மூடிய இமைகள்மேல் கிடந்தது.

அப்பா ஜன்னலருகே போய்க் குச்சியை ஒரு விரலளவு இறக்கினார். வெளிச்சம் அவள் கண்ணை விட்டு விலகிக் கழுத்துக்கு வந்தது.